ஃபுல் டேங்க் போட்டால் மட்டும் வாடை: ஒரு ஹேட்ச்பேக்கில் இரண்டு கசிவுகள்

வண்டி பத்து வயதைத் தாண்டிய பெட்ரோல் ஹேட்ச்பேக். நான்கு சிலிண்டர், பிஎஸ்-4, மல்டி பாயின்ட் இன்ஜெக்‌ஷன். கோவையில் ஓடுவது. இப்போதைய ஓனர் இரண்டாவது கையாக வாங்கியவர். புகார் ஒரே வரிதான்: கதவைச் சாத்தினால் உள்ளே பெட்ரோல் வாடை தாங்க முடியவில்லை. எங்களிடம் வருவதற்கு முன்பே வேறொரு ஒர்க்‌ஷாப்பில் இன்ஜெக்டர் ஓ-ரிங்குகளையும் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) இன்ஜின் பக்கத்துப் பெட்ரோல் ஹோஸையும் மாற்றியிருந்தார்கள். அந்த பில்லும் கையில் இருந்தது, வாடையும் வண்டியில் இருந்தது.

வாடைப் புகாரில் போனட்டைத் திறப்பதற்கு முன்னால் ஆளை உட்கார வைத்துப் பேச வேண்டும் என்பது என் கட்சி. எங்கே அடிக்கிறது என்பதைவிட எப்போது அடிக்கிறது என்பதுதான் வேலையைச் சுருக்கும். இவர் சொன்னதும் அப்படித்தான் உதவியது.

"டேங்க் ஃபுல் பண்ணா ரெண்டு மூணு நாளைக்கு அடிக்குதுங்ணா. பாதிக்குக் கீழ இறங்கிட்டா ஒண்ணுமே தெரியறதில்லீங்க."

இந்த ஒரு வாக்கியத்தோடு முந்தைய பில்லில் இருந்த பாதி வேலைக்கு அர்த்தமில்லாமல் போய்விட்டது. பம்ப்பிலிருந்து இன்ஜெக்டர் வரைக்குமான லைனில் இன்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 3 பார் அழுத்தம் நிற்கும். டேங்க்கில் 40 லிட்டர் இருந்தாலும் சரி, ரிசர்வ் விளக்கு எரிந்தாலும் சரி, அந்த அழுத்தம் மாறாது. அந்த லைனில் ஓட்டை என்றால் எந்த அளவிலும் வாடை அடிக்கும். பெட்ரோல் மட்டத்தைப் பார்த்து வாடை ஏறி இறங்குகிறது என்றால் ஆராய வேண்டிய இடம் டேங்க்கின் மேல்பகுதி: பம்ப் உட்காரும் வாய், ஃபில்லர் குழாயும் அதன் ரப்பர் இணைப்பும், ஆவி போகும் சின்னக் குழாய்கள், கடைசியாக அந்த ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவான கேனிஸ்டர்.

அடுத்து அவர் சொன்னது ஊட்டிக் கதை. மேட்டுப்பாளையம் தாண்டி ஏற ஆரம்பித்ததும் வாடை இரட்டிப்பாகுமாம். பின் சீட்டில் அம்மா மடியில் இருக்கும் குழந்தை பர்லியாறு வருவதற்குள் வாந்தி எடுத்துவிடும். வீட்டில் எல்லோரும் அதை மலைப்பாதை வாந்தி என்றே நினைத்து எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ரோட்டில் எல்லா வண்டியிலும் யாராவது ஒருவர் வாந்தி எடுப்பதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். இந்த ஏற்றத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கீழே நிரப்பி மூடிய டேங்க்குக்குள் இருக்கும் ஆவி அந்த வித்தியாசத்துக்கு ஏற்ப வெளியே வரப் பார்க்கும். ஒழுங்கான வண்டியில் அது கேனிஸ்டர் வழியாகப் போய் அங்கேயே தங்கும். வேறு இடத்தில் இடுக்கு இருந்தால் அதன் வழியாகப் போகும். வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு வளைந்து வளைந்து ஏறும்போது உள்ளே பெட்ரோல் அலைமோதி டேங்க்கின் மேல்தகட்டையும் நனைக்கும். சமவெளியில் ஆவி மட்டும் கசிந்த இடத்தில் மலையில் திரவமே கசியலாம்.

மூன்றாவதாக, போகிறபோக்கில் ஒன்று சொன்னார்: "பெட்ரோல் போட்ட அன்னிக்கு மட்டும் சிக்னல்ல நின்னா ஆர்பிஎம் ஏறி எறங்குதுங்க." பின் சீட்டுக்கு அடியில் இருக்கும் ஒரு கசிவு ஐடிலிங்கைக் கெடுக்காது. இந்தத் துண்டு மற்ற இரண்டோடு ஒட்டவில்லை. ஜாப் கார்டின் ஓரத்தில் குறித்து வைத்தேன்.

மறுநாள் ஃபுல் டேங்க்கோடு வரச் சொன்னோம். வாடை இல்லாத நேரத்தில் வாடையைத் தேடுவது வீண்.

குழி வேண்டாம்

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே பறந்து கலையாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தைத் தேடிப் போய்த் தங்கும். நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் பாதிக்கு நடுவில் சர்வீஸ் குழி இருக்கிறது. பெட்ரோல் கசியும் வண்டியை அந்தக் குழியின் மேல் நிறுத்தி, உள்ளே ஆளை இறக்கி, வயர் இழுத்த குண்டு பல்பைக் கையில் கொடுப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். காற்றில் 1.4 சதவீதம் பெட்ரோல் ஆவி சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். மைனஸ் 40 டிகிரியில்கூட தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும் பொருள் அது. கோவை வெயிலைச் சொல்லவே வேண்டாம்.

அதனால் வண்டி வெளியே, மரத்தடியில், நான்கு கதவும் டிக்கியும் திறந்த நிலையில் நின்றது. ஆவி கலைந்த பிறகுதான் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். உள்ளே வாடை நிறைந்திருக்கும்போது ஸ்விட்சைப் போடுவதும் அணைப்பதும்கூட வம்பு. தீயணைக்கும் டிசிபி பவுடர் சிலிண்டர் கையெட்டும் தூரத்தில். பக்கத்துக் கடையில் வெல்டிங் ஓடிக்கொண்டிருந்தது, முடியும்வரை காத்திருந்தோம். காலையில் ஏற்றிய ஊதுபத்தியையும் தம்பி போய் அணைத்துவிட்டு வந்தான்.

மூக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்ரோலை மிகக் குறைந்த அளவிலேயே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் சில நிமிடங்களில் பழகியும் போய்விடும். தேடுகிறவர் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் பத்து நிமிடத்தில் "வாடை குறைஞ்சிடுச்சு" என்பார். குறைந்திருக்காது, மூக்கு மரத்திருக்கும். எங்கள் வழக்கம், டீக்கடைக்குப் போய்விட்டு வருகிறவரை நேராக வண்டிக்குள் தலையை விடச் சொல்வது.

முதல் கசிவு

ஏசி பொத்தானில் ஒரு சோதனை உண்டு. வெளிக்காற்று எடுக்கும் நிலையில் வைத்தால் காற்று முன் கண்ணாடிக்கு அடியிலிருந்து, அதாவது போனட்டின் பின்விளிம்பிலிருந்து உள்ளே வரும். இன்ஜின் பக்கம் கசிவு இருந்தால் இந்த நிலையில்தான் அதிகம் அடிக்கும். உள்காற்றையே சுழற்றும் நிலைக்கு மாற்றியும் வாடை தொடர்ந்தால் கசிவு கேபினுக்குள்ளோ அதன் தரைக்கு அடியிலோ இருக்க வேண்டும். இந்த வண்டியில் இரண்டு நிலையிலும் அடித்தது. சுழற்றும் நிலையில் பின்பக்கத்திலிருந்து வருவது தெளிவாகவே தெரிந்தது.

பின் சீட்டைத் தூக்குவதற்கு முன், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் ஃபியூயல் ரெயிலில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்த்தோம். ஓடும்போது அழுத்தம் சரி. அணைத்த பிறகும் முள் இறங்காமல் நின்றது. இன்ஜெக்டர் ஒழுகவில்லை, லைனும் ஒழுகவில்லை. மாற்றப்பட்ட இன்ஜெக்டர் ஓ-ரிங்குகளுக்கும் இந்த வாடைக்கும் சம்பந்தம் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆயில் டிப்ஸ்டிக்கை முகர்ந்ததிலும் பெட்ரோல் இல்லை.

ஆனால் அங்கே வேறொன்று கண்ணில் பட்டது. புதிதாகப் போட்டிருந்த ஹோஸின் மேல் அச்சிட்டிருந்தது எஸ்ஏஇ ஜே30 ஆர்6. அது கார்புரேட்டர் காலத்துக் குறைந்த அழுத்த ஹோஸ். இன்ஜெக்‌ஷன் லைனுக்கு ஆர்9 வேண்டும். போதாக்குறைக்குத் திருகுப் பல் உள்ள சாதா ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கியிருந்தார்கள். அந்தக் கிளிப்பின் வெட்டுகள் ரப்பரைக் கடித்துக்கொண்டிருந்தன. இன்றைய வாடைக்குக் காரணம் அது இல்லை, ஆனால் இன்னும் சில மாதங்களில் வேறொரு வாடைக்குக் காரணமாகியிருக்கும், அதுவும் சூடான இன்ஜினுக்கு மேலே. வாடையைத் தேடி வந்த வண்டியில் ரிப்பேர் செய்தவரே புது ஆபத்தை வைத்துவிட்டுப் போவது எனக்கு ஆத்திரம் வரும் விஷயம். ஹோஸ், கிளிப் இரண்டையும் மாற்றிவிட்டோம்.

பின் சீட்டின் அடிப்பாகத்தைத் தூக்கி, ஃபெல்ட்டை விலக்கி, ஸ்க்ரூ போட்ட தகட்டு மூடியைத் திறந்ததும் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பம்ப் வாயைச் சுற்றி இருந்த தூசி ஒரு பக்கத்தில் மட்டும் கறுத்து ஈரமாக ஒட்டியிருந்தது. பம்ப்பை டேங்க்கோடு இறுக்கிப் பிடிக்கும் லாக் ரிங்கின் பற்கள் வளைந்திருந்தன. ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டிய தழும்பு. விளிம்பில் சிவப்புக் கேஸ்கட் பேஸ்ட் பிதுங்கியிருந்தது. எப்போதோ பம்ப் மாற்றியிருக்கிறார்கள் என்று புரிந்தது. முந்தைய ஓனர் எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிறவராக இருந்திருக்கலாம். டேங்க்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர வைப்பது அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான், எப்போதும் வற்ற விட்டால் சீக்கிரம் போய்விடும்.

இங்கேயே முடிவுக்கு வந்துவிடக் கூடாது. பம்ப்பின் மேல்தட்டில் பிளாஸ்டிக் குழாய் முனைகளும் உண்டு. அவற்றில் முடியளவு விரிசல் விட்டாலும் இதே மாதிரி நனையும், அதற்கு ஓ-ரிங் மாற்றினால் பயனில்லை. சுற்றிலும் துடைத்துக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லிசாகத் தூவினோம். வண்டியை முன்பக்கம் உயரமாகச் சரிவில் நிறுத்தி இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்தால், குழாய் முனைகளைச் சுற்றிப் பவுடர் காய்ந்தே இருந்தது. லாக் ரிங்கின் பின்பக்க விளிம்பில் மட்டும் பிறை வடிவில் நனைந்திருந்தது.

கண்டுபிடிக்க ஃபுல் டேங்க் வேண்டும், கழற்றப் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும். ஃபுல் டேங்க்கில் லாக் ரிங்கைத் திறந்தால் பெட்ரோல் கேபினுக்குள் வழியும். ஆகவே பெட்ரோலை இரும்பு ஜெர்ரி கேன்களுக்கு மாற்றினோம். குடிதண்ணீர் கேனில் பெட்ரோல் பிடிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் சேரும், பெட்ரோலுக்கு ஒரு பொறி போதும். பிறகு பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு லைன் அழுத்தத்தை இறக்கினோம். சுற்றியிருந்த மண்ணைப் பிரஷ்ஷாலும் துணியாலும் எடுத்த பின்பே ரிங்கைத் தொட்டோம். அந்த மண் டேங்க்கில் விழுந்தால் அடுத்த புகார் பம்ப் அடைப்பாக இருக்கும். தட்டுவதற்குப் பித்தளைக் கம்பி, பொறி கிளம்பாது.

வெளியே வந்த ஓ-ரிங் ஒரு பக்கம் தட்டையாகி, ஓரிடத்தில் நறுக்குப்பட்டு இருந்தது. நடந்தது இதுதான். பெட்ரோலில் ஊறிய பழைய ரப்பர் வளையம் வெளியே எடுத்ததும் உப்பிப் பெரிதாகத் தெரியும், பள்ளத்தில் திரும்ப உட்காராது. பம்ப் மாற்றியவர் புது ஓ-ரிங் வாங்காமல் அதையே அமுக்கி வைத்திருக்கிறார், லாக் ரிங் அதைக் கடித்திருக்கிறது. கசிந்ததும் மேலே பேஸ்ட்டைப் பூசியிருக்கிறார். சிலிகான் பேஸ்ட் பெட்ரோலில் நிற்காது. ஊறி உப்பி உரிந்து வந்துவிடும். ஓ-ரிங் விலை ஒரு நல்ல ஹோட்டல் சாப்பாட்டு விலைக்குள் அடங்கும். அதை மிச்சம் பிடித்ததால் வந்தது இத்தனையும்.

"இ20 பெட்ரோல்தான் ரப்பரைத் தின்னுடுச்சுங்களா?" என்று ஓனர் கேட்டார். இப்போது எந்தக் கசிவுக்கும் முதலில் வரும் கேள்வி இது. 2023-இல் பங்க்குகளுக்கு வர ஆரம்பித்த இ20-இல் எத்தனால் 20 சதவீதம். அதற்கு ஏற்ற பொருட்களோடு செய்யப்படாத பழைய வண்டிகளில் சில ரப்பர்களும் பிளாஸ்டிக்குகளும் அதில் சீக்கிரம் தளரும் என்பது உண்மை. ஆனால் நறுக்குப்பட்ட வளையத்துக்கு எத்தனாலைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. பம்ப் மாற்றியவர் தப்பித்துக்கொள்ள அது வழி செய்யும், அவ்வளவுதான். புதிதாகப் போட்டது எத்தனாலைத் தாங்கும் ரப்பரில் வந்த ஒரிஜினல் ரிங். பேஸ்ட், கிரீஸ் எதுவும் இல்லாமல் உலர்ந்த நிலையில் பள்ளத்தில் உட்கார வைத்தோம். பற்கள் வளைந்த லாக் ரிங்கையும் மாற்றினோம். மேல்தட்டில் அம்புக்குறியும் டேங்க்கில் அதற்கான அடையாளமும் உண்டு. இரண்டும் நேராக இல்லாவிட்டால் உள்ளே மிதவைக் கம்பி சுவரில் இடித்து, பெட்ரோல் முள் பொய் சொல்லும்.

மிச்சமிருந்தது

மறுபடி ஃபுல் டேங்க் நிரப்பி, கண்ணாடிகளை ஏற்றி வெயிலில் நிறுத்தினோம். கதவைத் திறந்தபோது முன்பு முகத்தில் அறைந்த வாடை இல்லை. பவுடர் காய்ந்திருந்தது. இந்த இடத்தில் வண்டியைக் கொடுத்து அனுப்பியிருந்தால் ஓனருக்கு ஒரு வாரம் சந்தோஷமாக இருந்திருக்கும்.

ஜாப் கார்டின் ஓரத்தில் அந்த ஆர்பிஎம் குறிப்பு இருந்ததால் இன்ஜினை ஓடவிட்டு, ஏசியை வெளிக்காற்று நிலைக்கு மாற்றினோம். நன்றாகச் சூடேறி ஐடிலிங்கில் நிற்கும்போது லேசாக, ஆனால் சந்தேகமில்லாமல் பெட்ரோல். உள்காற்று நிலைக்கு மாற்றினால் மறைந்தது. ஆக, போனட்டுக்கு அடியில் தனியாக இன்னொன்று.

ஸ்கேனரில் ஃபால்ட் கோட் எதுவும் இல்லை. அமெரிக்க வண்டிகள் டேங்க்கின் ஆவிக் கசிவைத் தாமாகவே சோதித்து விளக்கு போடும். அங்கே அது சட்டம். இந்த வண்டியில் அப்படி ஒரு சோதனையே இல்லை, செக் இன்ஜின் விளக்கு எரியாததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் லைவ் டேட்டா பேசியது. கேனிஸ்டரில் சேர்ந்த ஆவியை இன்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வு திறக்கும் நேரம் பார்த்து ஷார்ட் டெர்ம் ஃபியூயல் டிரிம் (பெட்ரோல் அளவில் அவ்வப்போது நடக்கும் திருத்தம்) மைனஸ் பக்கம் சரிந்தது, கூடவே ஆர்பிஎம் தள்ளாடியது. கணக்கில் இல்லாத பெட்ரோல் எங்கிருந்தோ உள்ளே வருகிறது, இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியு இன்ஜெக்டரைக் குறைத்துச் சமாளிக்கிறது என்று பொருள். கேனிஸ்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் பர்ஜ் ஹோஸை இடுக்கியால் அடைத்ததும் டிரிம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

இந்த மாடலில் கேனிஸ்டர் போனட்டுக்குள்ளேயே இருக்கிறது. கழற்றிக் கையில் எடுத்ததும் கனம் காட்டிக்கொடுத்தது. புதுசைவிட நல்ல கனம். சாய்த்ததும் வெளிக்காற்று முனையிலிருந்து பெட்ரோல் சொட்டியது. பர்ஜ் வால்வைத் தனியாகச் சோதித்தோம்: சுருளின் மின்தடை 20 முதல் 30 ஓம் வரை இருக்க வேண்டிய இடத்தில் சரியாக இருந்தது, மின்சாரம் இல்லாதபோது கை வாக்குவம் பம்ப்புக்கு இறுக்கமாக நின்றது. (வாயால் உறிஞ்சிப் பார்க்கும் வித்தை வேண்டாம். பெட்ரோலில் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம், அது புற்றுநோய்ப் பொருள்.) வால்வு நல்லது. கெட்டது கேனிஸ்டர் மட்டும்.

கேனிஸ்டருக்குள் இருப்பது ஆக்டிவேட்டட் கரி. டேங்க்கிலிருந்து வரும் ஆவியைப் பிடித்து வைத்துக்கொண்டு, இன்ஜின் ஓடும்போது காற்றோடு திருப்பிக் கொடுக்கும். ஆவிக்குத்தான் அது. திரவப் பெட்ரோல் உள்ளே வந்தால் கரி முழுக்க ஊறி, பிறகு எதையும் பிடிக்காது. வந்த ஆவி அப்படியே வெளிக்காற்று முனை வழியாகப் போனட்டுக்குள் போகும்.

திரவம் எப்படி வந்தது என்று தெரியாமல் புதுக் கேனிஸ்டர் மாட்டினால் அதுவும் போய்விடும். ஓனரிடம் பெட்ரோல் எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டேன்.

"ஆட்டோ கட் ஆனப்பறம் ரவுண்டா போடச் சொல்லுவேனுங்ணா. ஊட்டி போறதுன்னா கழுத்து வரைக்கும்."

பங்க்கில் நாசிலின் நுனியில் ஒரு சின்னத் துளை இருக்கிறது. பெட்ரோல் மட்டம் ஏறி அந்தத் துளையை மூடியதும் உள்ளே உண்டாகும் வெற்றிடம் நாசிலை மூடிவிடும். அந்த "டக்" சத்தத்துக்கு மேலே மிச்சமிருக்கும் இடம் காலியாக இருக்கவே விடப்பட்டது. நிலத்தடி டேங்க்கிலிருந்து குளிர்ச்சியாக வரும் 40 லிட்டர் பெட்ரோல், வெயிலில் 15 டிகிரி சூடேறினால் சுமார் அரை லிட்டர் கூடும். அதற்கான இடத்தையும் நூறு ரூபாய்க் கணக்கைச் சரிசெய்ய நிரப்பிவிட்டால், விரியும் பெட்ரோல் ஆவிக் குழாய் வழியாகக் கேனிஸ்டருக்குத்தான் போகும். கழுத்து வரைக்கும் நிரப்பிய கையோடு மலை ஏறினால் இன்னும் வேகமாக. சில்லறைத் தட்டுப்பாட்டில் பிறந்த பழக்கம் இது. யூபிஐயில் பைசா வரை கட்ட முடிகிற காலத்திலும் பங்க் பையன் "ரவுண்டா போடட்டுங்களா" என்று கேட்கிறான், நாமும் தலையாட்டுகிறோம்.

புதுக் கேனிஸ்டர் சில ஆயிரம் ரூபாய். உக்கடத்துப் பழைய சாமான் கடையில் பார்க்கலாமா என்றார் ஓனர். மற்ற எத்தனையோ பாகங்களுக்கு நானே அங்கே அனுப்பியிருக்கிறேன், இதற்கு மட்டும் மாட்டேன். அது எத்தனை லிட்டர் குடித்தது என்று வெளியிலிருந்து தெரியாது. கம்ப்ரஸர் காற்றை அடித்துக் காயவைத்து மாட்டுகிறவர்களும் உண்டு. கரி நொறுங்கித் தூளாகி பர்ஜ் வால்வுக்குள் போய், மூடாமல் நிறுத்திவிடும் என்பது அதன் விலை. புதுசே போட்டோம். ஆவிக் குழாயில் தேங்கியிருந்த பெட்ரோலையும் வடித்தோம். ஃபில்லர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தது, அதுவும் மாறியது.

ஆட்டோ கட்டோடு நிறுத்தி நிரப்பி, மருதமலை ரோட்டில் ஏறி இறங்கிப் பார்த்தோம். டிரிம் அசையவில்லை, ஆர்பிஎம் நின்ற இடத்தில் நின்றது, ஏசியின் இரண்டு நிலையிலும் வாடை இல்லை. டீக்கடையிலிருந்து வந்த தம்பி மட்டும் பின் சீட்டில் தலையை விட்டு "இன்னும் லேசா இருக்குங்ணா" என்றான். அவன் சொன்னது சரிதான். இத்தனை நாள் ஆவியைக் குடித்த ஃபெல்ட்டும் சீட் ஸ்பாஞ்சும் விட்டுக்கொண்டிருந்தன. இரண்டையும் வெளியே எடுத்து வெயிலில் போட்டோம். சீட் தேறிவிட்டது. பம்ப் வாயைச் சுற்றி இருந்த ஃபெல்ட் தேறவில்லை, அந்தப் பகுதியை வெட்டியெடுத்துவிட்டுப் புதுத் துண்டு வைத்தோம். அடுத்த சர்வீஸுக்கு ஃபுல் டேங்க்கோடு வரச் சொல்லியிருக்கிறேன். பின் சீட்டைத் தூக்கி மறுபடி ஒருமுறை பவுடர் போட்டுப் பார்க்க வேண்டும்.